அந்தப் பூட்டுக்கு இரண்டு தாக்கோல்

கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்த பிறகு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் உங்களில் உண்டா? உண்டென்றால் நானும் உங்கள் கூட்டம்தான். நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறி, பாதி வழி போன பிறகு அடுப்பை அணைத்தேனா என்று நெஞ்சு பதறி, இறங்கி, எதிர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவள் நான். அடுப்பு அணைந்துதான் இருந்தது. எப்போது வந்து பார்த்தாலும் அணைந்துதான் இருக்கிறது. அறுபது தாண்டினால் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது சரியில்லை. எனக்கு இது பதிமூன்று வயதில் வந்தது. மாதம்கூடச் சொல்வேன். ஐப்பசி. தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து இடி இடித்து மழை இறங்குகிற மாதம்.

இத்தனை காலம் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருவரிடம் சொன்னேன், அவர் இப்போது இல்லை. போன வாரம் மருமகளோடு ஒரு பூட்டு வாங்கப் போனேன். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. நம் வயதுக்காரர்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நின்றவள் எழுதுகிறேன். வாக்கியம் எங்காவது கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகளுக்கு நெய்யாற்றின்கரையில் துணிக்கடையில் வேலை. கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து உதியன்குளங்கரை ஜங்ஷன் வரை சைக்கிளில் போய், அதை அங்கே நிறுத்திவிட்டு பஸ் பிடிக்கலாம் என்று புது சைக்கிள் எடுத்திருக்கிறாள். ஸ்கூட்டர் என்றால் அவளுக்குப் பயம். பூட்டு வாங்க என்னையும் கூட்டிப் போனாள். கடைச் சுவர் முழுவதும் பூட்டு. பாம்பு போல வளைகிற கம்பிப் பூட்டு, துணி சுற்றிய சங்கிலி, குதிரை லாடம் போல ஒரு இரும்பு, எண்ணைத் திருப்பித் திறக்கிற பூட்டு. தொட்டால் ஊரைக் கூட்டுகிற பூட்டு ஒன்றையும் கடைக்காரப் பையன் அலற வைத்துக் காட்டினான். "மாமி, இது உங்களுக்கு வாங்கட்டா? உங்க நெஞ்சுக்குப் பூட்டிக்கிடலாம்" என்று மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மூலையில் பழைய மாதிரி வளையப் பூட்டுகள் தொங்கின. பின்சக்கரத்தைச் சுற்றிக் கவ்வுமே, அது. அதைப் பார்த்ததும் கழுத்தில் கறுப்புக் கயிறு உரசுவது போல இருந்தது.

இனி அந்த ஐப்பசிக்குப் போகிறேன்.

ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் இடது கால் மெலிந்துவிட்டது. வீட்டுக்குள் நடப்பேன், முற்றத்தில் நடப்பேன், பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தேன். உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஜங்ஷன் பக்கத்தில். தென்னந்தோப்பு வழியாக இறங்கி, வயல் வரப்பில் நடந்து, பிறகு பஞ்சாயத்து ரோட்டில் நீளமாகப் போக வேண்டும். என் காலுக்கு அது எட்டாது. அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் ஜங்ஷன் வரை சைக்கிளில் போய், வாகைமரத்தடியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுவார். அந்த சைக்கிளின் கேரியரில் நான். சாக்கை மடித்து, உள்ளே தேங்காய்நார் திணித்து, அம்மா எனக்கு ஒரு மெத்தை தைத்துக் கட்டியிருந்தாள். சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து மெதுவாக நடந்து மரத்தடிக்கு வந்து, சைக்கிள் பக்கத்தில் அப்பாவின் பஸ்ஸுக்குக் காத்து நிற்பேன்.

அம்மா இதைச் சுற்றி வளைத்துச் சொன்னதில்லை. "சைக்கிள் உண்டுமானா பள்ளிக்கூடம் உண்டு. இல்லையானா இல்லை, கேட்டியா மக்கா" என்றாள். எட்டாம் வகுப்பில் சேர்ந்த நாளில் சொன்னது. கணக்கு டீச்சர் ஒருமுறை என் நோட்டை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டி, இவள் டீச்சராவாள் என்று சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னபோதும் அம்மா இதையே சொன்னாள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் சைக்கிள்கள் காணாமல் போகத் தொடங்கின. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒன்று. ரேஷன்கடை முன்னால் ஒன்று. எங்கள் சபையில் பாட்டுக் குழுவில் பாடுகிற ஒருவருடையது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் போய்விட்டது. விடிவதற்குள் களியக்காவிளை எல்லை தாண்டி அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குப் போய்விடும் என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். அந்தப் பக்கம் காணாமல் போவதெல்லாம் எங்கள் பக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். எங்கே போய்க் கேட்டாலும் அங்கே போய்க் கேள் என்பதுதான் பதில்.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் பஞ்சாயத்தில் வரி உண்டு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வரி கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள், அதை முன்பக்கம் முடுக்கி வைக்க வேண்டும். எங்கள் வில்லையில் மலையாள எழுத்து. அந்தப் பக்கத்து வில்லையில் தமிழ் எழுத்து. வீட்டில் தமிழில் ஜெபம் பண்ணி, வெளியே மலையாளத்தில் காரியம் நடத்துகிற எங்களுக்கு, சைக்கிள் எந்த ஊர் என்று அறிய அந்தத் தகரம்தான் அடையாளம்.

பூட்டு வாங்குவது பற்றி வீட்டில் பேச்சு பல நாள் நடந்தது. அம்மாவின் தம்பி, என் மாமன், அப்போது எங்களோடு இருந்தார். நாயைக் கட்டுகிற மாதிரி சங்கிலி போட்டு மரத்தோடு கட்டச் சொன்னார். மரத்தையும் வெட்டிக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள். சீட்டைக் கழற்றிப் பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டு போகலாம் என்பது அம்மாவின் யோசனை. அப்பாவுக்கு எதுவும் வழக்கு மாதிரி. நாலு பேரிடம் விசாரிப்பார், குறித்துக்கொள்வார், கடைசியில் ஒன்றை முடிவு செய்தால் அதிலிருந்து அசைய மாட்டார். சங்கிலியை அறுக்கலாம், தொங்குகிற பூட்டைக் கல்லால் அடிக்கலாம், சக்கரத்தைக் கவ்வியிருக்கிற பூட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு செய்தார்.

நெய்யாற்றின்கரைச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினார். நானும் போயிருந்தேன். கனத்த பூட்டு, நடுவில் ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அந்தக் கடையில்தான், அந்த நட்சத்திரப் பூட்டைத்தான் வாங்கினார்கள். அதனாலேயே அது நல்லது என்று அப்பா நினைத்தார். இந்தத் தாக்கோல் வேறு ஒன்றுக்கும் சேராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றார் கடைக்காரர். சாவிக்கு எங்கள் பக்கம் தாக்கோல் என்றுதான் பேச்சு. பூட்டுக்கு இரண்டு தாக்கோல் இருந்தன. ஒன்று அப்பாவின் சட்டைப் பைக்குள் போயிற்று. மற்றதை அம்மா கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டாள். "பஸ்ஸில எங்கயாவது அப்பா தொலைச்சிட்டா நீ தான் வச்சிருக்கணும்" என்றாள். கணக்குப் பாடம் நடக்கும்போது சட்டைக்குள் கைவிட்டு அதைத் தொட்டுக்கொள்வேன். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டேன். சாயங்காலம் மரத்தடிக்கு வந்ததும் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். ஒரு தரம் இழுத்தாலே தெரியும். எனக்கு மூன்று தரம் வேண்டியிருந்தது.

அதே மரத்தடியில் மீன்கார அண்ணன் நிற்பார். கடற்கரையிலிருந்து சைக்கிளில் கூடையோடு வருகிறவர். கறுத்து மெலிந்த ஆள், கழுத்தில் மாதா படம் போட்ட ஒரு கயிறு. காலையில் ஜங்ஷனில் விற்றுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் இரண்டாம் கூடை கொண்டுவந்து மிச்சத்தை உள் ரோடுகளில் விற்பார். என் காலைப் பார்த்து உச்சுக் கொட்டாத ஆள் அந்த ஜங்ஷனில் அவர் ஒருவர்தான். எல்லாப் பிள்ளைகளிடமும் பேசுவது போல என்னிடமும் பேசுவார். அவருடைய சைக்கிளுக்குப் பூட்டே கிடையாது. ஏன் பூட்டுவதில்லை என்று கேட்டேன்.

"மோளே, எனக்க வண்டிக்கு நாத்தமாக்கும் பூட்டு. அதைக் கொண்டு போறவனை அவனுக்க பெண்டாட்டி வீட்டுக்குள்ள ஏத்த மாட்டா" என்றார்.

பிறகு குனிந்து எங்கள் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்போது அப்பாவும் பஸ் இறங்கி வந்துவிட்டார். இந்த நட்சத்திரப் பூட்டு தங்கள் கரையில் நாலு பேரிடம் உண்டு என்றும், ஒருவன் தாக்கோல் நாலையும் திறக்கும் என்றும் மீன்கார அண்ணன் அப்பாவிடம் சொன்னார். சங்கிலி ஒன்றும் சேர்த்துப் போடுவது நல்லது என்றார். சிரித்துக்கொண்டு, நல்ல மனதோடு சொன்னதுதான். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. மூன்று வாரம் விசாரித்து வாங்கிய பூட்டு. போகிற வழியில் என்னிடம் சொன்னார், "பூட்டைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவன்கிட்ட கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

கேரியரில் உட்கார்ந்திருந்த நான் அப்பாவின் முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து பூட்டை ஆறு தரம் இழுத்தேன்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மழையில் என் மெத்தை ஊறிப்போய், அம்மா அதை அவிழ்த்து அடுப்படியில் காயப் போட்டிருந்தாள். காலையில் வெறும் கேரியரில் துண்டை மடித்துப் போட்டுப் போனேன், இறங்கியதும் அப்பா துண்டை எடுத்துக்கொண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சைக்கிளை மற்றக் கறுப்புச் சைக்கிள்களிலிருந்து பிரித்துக் காட்டியது அந்த மெத்தைதான்.

அன்று பள்ளிக்கூடம் விடும்போது பெருமழை. ஓய்ந்த பிறகு மரத்தடிக்கு வந்தேன். ஒரு கறுப்புச் சைக்கிள் நின்றது. பக்கத்தில் போய் வழக்கம் போலப் பூட்டை இழுத்தேன். நட்சத்திரப் பூட்டு. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் சேறு தெறித்த வில்லை. விரலால் துடைத்தேன். தமிழ் எழுத்து.

எங்களுடையது இல்லை. மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து டீக்கடை, எங்கள் பேச்சில் சாயக்கடை, அதன் பின்பக்கம்வரை போய்ப் பார்த்தேன். எங்கும் இல்லை. மீன்கார அண்ணனும் அங்கே இல்லை. உள் ரோட்டுக்குப் போயிருந்தார், சில நாள் அவர் முந்திப் போவதுண்டு. அப்பா பஸ் இறங்கி வரும்போது நான் நனைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைத் திட்டவில்லை. யார் பக்கத்தில் நின்றது, யார் பூட்டில் கை வைத்தது என்று மட்டும் கேட்டார். சைக்கிள் போனால் என்ன போகும் என்று எனக்கும் அவருக்கும் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு.

"மீன்கார அண்ணன் அண்ணைக்குப் பூட்டைத் தொட்டுப் பாத்தாருல்லா" என்றேன்.

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலையில் மாமன் தன் சைக்கிளில் என்னைக் கொண்டு போனார். அப்பா முன்னதாகவே நடந்து போய் ஜங்ஷனில் நின்றார். சாயக்கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். மீன்கார அண்ணன் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கினார். கேள்வி இரண்டோ மூன்றோ தான். நாலு பூட்டுக்கு ஒரு தாக்கோல் சேரும் என்று நீ சொன்னாயா என்றார் அப்பா. சொன்னேன் என்றார் அவர். அந்தத் தாக்கோல் எங்கே என்றார் அப்பா. என்னிடம் பூட்டே இல்லையே, தாக்கோல் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் மாமன் கூடையைத் தள்ளிவிட்டார். சாளை மீன் முழுவதும் சேற்றில் சரிந்தது. பனிக்கட்டி உடைந்து சிதறியது. அப்பா அவர் கன்னத்தில் அடித்தார். யாரையும் கைநீட்டி அடித்து நான் பார்க்காத அப்பா, சட்டை மடிப்புக் கலையாமல் ஆபீசுக்குப் போகிற அப்பா.

மீன்கார அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மோளே, நீ சொல்லு. ஞான் எடுத்தேனா?"

நான் தலை குனிந்தேன். சேற்றில் ஒரு சாளை என் செருப்பின் பக்கத்தில் கிடந்தது. அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிடைத்த மீனைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் வந்த வழியே போனார். பிறகு அந்த ஜங்ஷனுக்கு அவர் வரவில்லை. அவர் வராததே அவர் கள்ளன் என்பதற்குச் சாட்சி என்று பேசிக்கொண்டார்கள்.

மாமனுக்கு மலையோரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை ஏற்பாடாகியிருந்தது. மூன்று வாரத்தில் போக வேண்டும். அதுவரை அவர் சைக்கிளில் நான் பள்ளிக்கூடம் போகலாம். அதற்குள் எங்கள் சைக்கிள் கிடைக்க வேண்டும். அப்பா தினமும் யாரையாவது விசாரித்தார். நான் சாயங்காலம் மரத்தடியில் மாமனுக்குக் காத்து நின்றேன்.

அந்தத் தமிழ் வில்லைச் சைக்கிள் அங்கேயே நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். தேடி யாரும் வரவில்லை. மழை அதன் மேல் பெய்தது, வாகை இலை அதன் சீட்டில் ஒட்டிக் கிடந்தது. எங்கிருந்தோ திருடி இங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று ஜங்ஷனில் முடிவு செய்தார்கள். யாரும் தொடக் கூடாது என்று சாயக்கடைக்காரர் சொல்லிவைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் ஒரே பேச்சு பேசினார்: "எவன் கையில இதுக்குத் தாக்கோல் உண்டோ, அவனாக்கும் கள்ளன்."

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மழை பெய்து ஜங்ஷனில் ஆள் இல்லாத சாயங்காலம். எனக்கு அந்தப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் சைக்கிள் இல்லை, ஆனாலும் கை போயிற்று. இழுத்தேன். பிறகு ஏன் செய்தேன் என்று தெரியாது, கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினேன். தாக்கோலைப் போட்டேன். திருப்பினேன்.

க்ளக் என்று திறந்தது.

நீங்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். உடனே விளங்கியிருக்கும். எங்கள் தாக்கோல் அவன் பூட்டுக்குச் சேர்ந்தால், அவன் தாக்கோல் எங்கள் பூட்டுக்கும் சேரும். மழையில் ஓடிவந்த யாரோ அந்தப் பக்கத்து ஆள், பக்கத்தில் நின்ற கறுப்புச் சைக்கிளைத் தன்னுடையது என்று நினைத்துத் திறந்து ஏறிப் போயிருக்கிறான். கள்ளன் இல்லை. கள்ளனே இல்லை. இதை அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால், அப்பா அந்த வில்லையின் எண்ணை வைத்து ஒரு நாளில் ஆளைக் கண்டுபிடித்திருப்பார்.

எனக்குத் தோன்றியது வேறு. எவன் கையில் தாக்கோல் உண்டோ அவன்தான் கள்ளன். தாக்கோல் என் கையில். சேற்றில் கொட்டிய சாளை கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்தது என் கன்னம்தான் என்று நினைத்தேன். மறுபடி பூட்டினேன். பூட்டில் என் கைரேகை இருக்கும் என்று பாவாடையால் துடைத்தேன். வீட்டுக்கு வந்து தாக்கோலைக் கயிற்றோடு அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கயிறு எங்கே என்று அம்மா கேட்டதற்கு, பூட்டு இல்லாமல் தாக்கோல் எதற்கு என்றேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். படிப்பு போகிற துக்கம் என்று நினைத்தாள்.

இன்னும் ஒன்று உண்டு. அதற்கு அடுத்த வாரம் ஒரு ஆள் ஜங்ஷனுக்கு நடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, நரைக்கத் தொடங்கிய ஆள். முன்பின் பார்த்ததில்லை. மரத்தடிக்கு வராமல் சாயக்கடையில் உட்கார்ந்து ஒரு சாயா வாங்கினார். கண் முழுவதும் அந்த சைக்கிள் மேல். இது யாருடையது என்று எதார்த்தமாகக் கேட்பது போலக் கேட்டார். சாயக்கடைக்காரர் முழுக் கதையையும் சொன்னார். மீன்காரனை எப்படிப் பிடித்தோம், எப்படி அடித்தோம், கூடை எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்றெல்லாம். கடைசியில் தன் வழக்கமான பேச்சையும் சொன்னார். அந்த ஆளின் வலது கை இடுப்பு மடிப்புக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. எனக்கு அது தெரிந்த அசைவு. நான் சட்டைக்குள் தாக்கோலைத் தொடுவேனே, அதே அசைவு.

அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது என்னைக் கடந்து போனார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் வாய் திறக்கவில்லை. அவருக்கும் திறக்கவில்லை. களியக்காவிளைப் பக்கம் நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

மாமன் போன திங்கட்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அதன் பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் வீட்டில்தான். அப்பா இரண்டு வருடம் நடந்தே ஜங்ஷனுக்குப் போனார். பிறகு வேறு சைக்கிள் வந்தது. அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார எனக்குக் கூச்சம், அனுப்ப அம்மாவுக்கும் மனம் இல்லை. மரத்தடிச் சைக்கிளின் மணியை யாரோ கழற்றினார்கள், பிறகு சீட்டு, பிறகு முன்சக்கரம். பின்சக்கரமும் அந்த நட்சத்திரப் பூட்டும் மட்டும் ரொம்ப நாள் கிடந்தன. பூட்டியிருந்ததால் அதை உருட்டிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை வளர்ந்து, அப்பா படுக்கையில் விழுந்தார். கடைசி மாதங்களில் நான்தான் கூட இருந்தேன். ஒரு காலை, கஞ்சி கொடுத்து வாய் துடைத்துவிட்டபோது சொல்லிவிட்டேன். தாக்கோல் போட்டுப் பார்த்தது, திறந்தது, பயந்தது, அந்த ஆள் வந்தது எல்லாம். என்னை மன்னிக்கச் சொன்னேன்.

அப்பா கூரை ஓடுகள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நானும் போட்டுப் பாத்தேன் மக்கா" என்றார். "மூணாம் நாளே போட்டுப் பாத்தேன். திறந்து போச்சு."

அந்தப் பூட்டுக்கு இரண்டு தாக்கோல் உண்டு என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது கோபத்தில் இல்லை. உண்மையிலேயே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அவனை அடிச்சாச்சே" என்றார். "ஜங்ஷன் பூரா பாக்க அடிச்சாச்சு. இனி போய் என்னத்தைச் சொல்ல? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உனக்க மாமன் போயிட்டான். உனக்க படிப்பு போனது எனக்குத் தெரிஞ்சுதான் போச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பயத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தோம். அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று பிறகு பல தரம் முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை. நான் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனால் எனக்கு அப்போது பதிமூன்று வயது, அவருக்கு நாற்பது. இதை மட்டும் சில நாள் நினைப்பேன்.

மீன்காரரைப் போய்ப் பார் என்று அப்பா சொன்னார். அப்பாவின் அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழித்துப் போனேன். பஸ் மாறி, கடற்கரையில் இறங்கினேன். வலை காயப் போட்டிருந்த இடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்காலத்தில் சைக்கிளில் உதியன்குளங்கரைக்கு மீன் கொண்டு வந்த ஒருவரைத் தேடுகிறேன் என்றேன். பேரென்ன என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. வருடக்கணக்கில் ஒரே மரத்தடியில் நின்றவரிடம் நாங்கள் யாரும் பேர் கேட்டதில்லை. கறுத்த ஆள், மெலிந்த ஆள், கழுத்தில் மாதா படம் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூன்று பேர் கறுத்து மெலிந்திருந்தார்கள், நாலு பேர் கழுத்திலும் மாதா இருந்தாள். "இஞ்ச எல்லாரும் சைக்கிளில மீன் கொண்டு போனவங்கதான், சேச்சி" என்றார் ஒருவர், ரொம்ப மரியாதையாக. என்ன காரியம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் கடையில், அந்த வளையப் பூட்டுகளைக் கண்டதும் நான் ஒன்றின் தாக்கோலை எடுத்து மற்ற ஒவ்வொன்றிலும் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரப் பையன், இது வேறு ஒன்றுக்கும் சேராது அம்மா என்றான். அப்படியே அந்தப் பழைய கடைக்காரர் சொன்ன வார்த்தை. பதினோரு பூட்டிலும் போட்டேன். ஒன்றிலும் திரும்பவில்லை. எனக்கு அதனால் ஒரு நிம்மதியும் வரவில்லை. மருமகள் என் கையைப் பிடித்து நகர்த்தி, எண் பூட்டு ஒன்றை வாங்கினாள். வீட்டுக்கு வந்து எண் வைக்கும்போது, நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க மாமி என்றாள். எனக்குச் சொல்லாதே என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

அந்தத் தாக்கோல் இப்போதும் என்னிடம் உண்டு. அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்து, கல்யாணமாகி வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தேன். துரு பிடித்துவிட்டது. அதற்குச் சேருகிற பூட்டு இனி எங்கும் இருக்காது.

உங்களில் யாருக்காவது கடற்கரைப் பக்கம் சொந்தமோ பழக்கமோ இருந்தால், பழைய காலத்தில் உதியன்குளங்கரையில் செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கிய மீன்காரர் ஒருவரைப் பற்றி யாராவது பேசிக் கேட்டால், அவர் இல்லாவிட்டாலும் அவர் பிள்ளைகளிடம், இதைச் சொல்லுங்கள். மரத்தடியில் நின்ற கால் மெலிந்த பெண்ணிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

நீங்க எடுக்கல்ல அண்ணா. எனக்குத் தெரியும். அண்ணைக்குத் தலை குனிஞ்சு நின்னப்பவே, நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.